வயதும் பக்குவமும்: கோன்யாக்கையும் சுருட்டையும் பற்றி ஒரு சொற்பொழிவு



பிரெஞ்சு தேசத்தின் கோன்யாக் என்னும் பிராந்தியையும், அதனோடு சேர்த்துப் புகைக்கப்படும் சுருட்டையும் பற்றிப் பேச வேண்டுமென்று நீங்கள் பணித்தபோது, அதை வெறும் போக விஷயமாகக் கருதாமல், ஒரு பொருள் காலத்தின் கையில் எவ்வாறு பக்குவமடைகிறது என்னும் விசாரமாகவே எடுத்துக்கொள்வதென்று தீர்மானித்தேன். புட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் இரண்டு மூன்று எழுத்துகள் அதன் விலையைப் பல மடங்கு உயர்த்திவிடுகின்றன. ஆனால் அந்த எழுத்துகள் எதற்கு உறுதி கூறுகின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்று விசாரித்து வாங்குகிறவர்கள் சிலரே. வயது என்பது சட்டம் அளந்து தரக்கூடிய ஒன்று. பக்குவமோ நாவும் நாசியும் சேர்ந்து அறிய வேண்டிய ஒன்று. இவ்விரண்டையும் பிரித்துணரக் கற்றவருக்கே, எந்தக் கோன்யாக்குக்கு எந்தச் சுருட்டு இசையும் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் என்பது என் கட்சி.

முதலில் இடத்தைப் பார்ப்போம். பிரான்ஸின் மேற்கே, போர்தோ நகருக்கு வடக்கில், ஷாராந்த் நதி அட்லாண்டிக் சமுத்திரத்தை நோக்கி வளைந்து வளைந்து செல்லும் பிரதேசத்தில் கோன்யாக் என்னும் சிறு நகரம் இருக்கிறது. 1494-ஆம் ஆண்டில் முதலாம் பிரான்சுவா மன்னர் பிறந்த ஊர் அது. கடலோரத்து உப்பு அந்நாளிலேயே அந்நதியின் வழியாக வாணிபத்தை வளர்த்திருந்தது. உப்புக்கும் ஒயினுக்குமாக வந்த டச்சு வணிகர்கள், நீண்ட கடற்பயணத்தைத் தாங்காமல் கெட்டுப்போகும் அந்த மெல்லிய ஒயினைக் காய்ச்சி வடித்துவிட்டால், அது கெடாமலும் இருக்கும், கப்பலில் இடமும் குறைவாகவே அடைக்கும் என்று கண்டார்கள். அவர்களைத் தொடர்ந்து, 1715-இல் ஜெர்சி தீவிலிருந்து வந்த ழான் மார்ட்டெல் என்பவரும், 1765-இல், முன்பு பிரெஞ்சுச் சேனையில் பணியாற்றிய அயர்லாந்துக்காரரான ரிச்சர்ட் ஹென்னஸியும் அங்கே தத்தம் வியாபார நிறுவனங்களை ஸ்தாபித்தார்கள். உள்ளூர்க்காரரான ரெமி மார்த்தேன் 1724-லேயே தொடங்கியிருந்தார். இவ்வாறு ஆரம்பம் முதலே வெளிநாட்டுச் சந்தையை, அதிலும் விசேஷமாக இங்கிலாந்தை, நம்பி வளர்ந்த தொழில் என்பதால்தான், இந்தப் பிரெஞ்சு மதுவின் தரக்குறிகள் இன்றைக்கும் ஆங்கில எழுத்துகளாக இருக்கின்றன.

கோன்யாக் என்ற பெயரைத் தாங்க எந்த எந்த நிலத்துக்கு உரிமை உண்டு என்பதை 1909-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதியிட்ட அரசாணை எல்லை வகுத்து நிர்ணயித்தது. அந்த எல்லைக்குள் ஆறு உட்பிரதேசங்கள் உண்டு: கிராந்த் ஷாம்பேன், பெத்தித் ஷாம்பேன், போர்தெரி, ஃபேன் புவா, போன் புவா, புவா ஓர்தினேர் என்பன அவை. இந்தப் பாகுபாட்டுக்கு அடிப்படை கண்டவர் ஆன்ரி கோக்கான் என்னும் மண்ணியல் அறிஞர். 1860-ஆம் ஆண்டையொட்டி அவர் அந்நிலங்களின் மண்ணை ஆராய்ந்து, சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் விளைந்ததே நீண்ட காலம் முதிரும் தன்மையுடைய பிராந்தியைத் தருகிறது என்று கண்டார். இங்கே ஷாம்பேன் என்பது சுண்ணாம்பு நிலத்தைக் குறிப்பது. நுரைத்துப் பொங்கும் ஒயினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிராந்த் ஷாம்பேனில் பிறந்த சரக்கு இளமையில் கடினமாகவும் வாய் திறவாததாகவும் இருந்து, பல பத்தாண்டுகள் சென்றபின்னரே தன் குணத்தைக் காட்டும். ஃபேன் புவாவின் சரக்கோ விரைவிலேயே கனிந்து பழவாசனை வீசும். போர்தெரியினுடையதில் ஊதாப்பூவின் நறுமணம் உண்டு என்று ரசிகர்கள் கூறுவார்கள். ஆகவே, ஒரே வயதுள்ள இரண்டு கோன்யாக்குகள், பிறந்த மண் வேறாயிருப்பதால், பக்குவத்தில் வெகு தூரம் விலகி நிற்கக்கூடும் என்பதை இப்போதே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

இப்பிரதேசத்தில் பெரும்பாலும் பயிராவது யூனி பிளாங்க் என்னும் வெள்ளைத் திராட்சை. அதிலிருந்து கிடைக்கும் ஒயின் ஒன்பது சதவீத அளவே சாராயம் உள்ளது, புளிப்பு மிக்கது, அப்படியே அருந்துவதற்குச் சுவையற்றது. ஆனால் வாலையில் வடிப்பதற்கு அதுவே உத்தமமானது. ஏனெனில் அந்தப் புளிப்பு, கந்தகம் சேர்க்காமலே ஒயினைக் குளிர்காலம் முழுவதும் கெடாமல் காக்கிறது. செங்கல் அடுப்பின் மேல் பதித்த செப்பு வாலையில் ஒயினை இரண்டு முறை காய்ச்சுகிறார்கள். முதல் முறை கிடைக்கும் கலங்கிய திரவம் முப்பது சதவீதத்தை ஒட்டிய வலிமையுடையது. அதை மீண்டும் வாலையில் இட்டு வடிப்பதே நுட்பமான கட்டம்.

அந்த இரண்டாம் வடிப்பைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். அடுப்பின் அனல் தணிந்து எரிகிறது. குளிர்ந்த சுருள் குழாயின் வாயிலிருந்து நூல்போல் மெல்லிய தாரை விழுகிறது. அது விழும் பாத்திரத்தில் சாராயமானி மிதக்கிறது. முதலில் வரும் தலைப்பகுதி மூக்கைத் துளைக்கும் நெடியுடையது, அதை ஒதுக்கிவிடுகிறார்கள். அதன்பின் வருவது இதயப்பகுதி; அது தெளிந்து, பூவும் பழமும் மணக்க, பல மணி நேரம் ஒழுகும். பிறகு வலிமை அறுபது சதவீதத்தை நெருங்கும்போது வாசனை மாறத் தொடங்குகிறது; அந்தக் கணத்தை மானியைப் பார்த்தும், துளியை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தும் அறிந்து, வடிப்பவர் குழாயைத் திருப்பிவிட வேண்டும். சற்று முந்தினால் சாரம் குறையும். பிந்தினால் கசடு கலக்கும். ஏறத்தாழ ஒன்பது பத்து லிட்டர் ஒயினிலிருந்து ஒரு லிட்டர் அளவே தேறும் இந்த இதயப்பகுதி, எழுபது சதவீதத்துக்கு மேற்பட்ட வலிமையுடன், தண்ணீரைப்போல் நிறமற்றுப் பிறக்கிறது. ஒவ்வோர் அறுவடைக்கும் உரிய வடிப்பு அடுத்த ஆண்டு மார்ச் 31-ஆம் தேதிக்குள் முடிந்துவிட வேண்டும் என்பது சட்டம்.

நிறமற்ற இந்தக் குழந்தையை வளர்க்கும் செவிலி ஓக் மரப் பீப்பாய். லிமூசேன் காட்டு ஓக்கின் இழை அகன்றது. துவர்ப்பைத் தாராளமாக விட்டுக்கொடுக்கும். 17-ஆம் நூற்றாண்டில் அமைச்சர் கோல்பேர் கடற்படைக் கப்பல்களுக்காகப் பேணச் செய்த த்ரோன்சே காட்டு ஓக்கின் இழை நெருங்கியது. அது மென்மையாகக் கொடுக்கும். பலகைகளை மழையிலும் வெயிலிலும் ஆண்டுக்கணக்கில் கிடத்தி, கசப்பு நீங்கியபின், நெருப்பில் வாட்டி வளைத்துப் பீப்பாய் கட்டுகிறார்கள். புதுச் சாராயம் சில மாதங்கள் புதுப் பீப்பாயில் இருந்து நிறமும் வனிலா மணமும் பெற்று, பிறகு பழைய பீப்பாய்களுக்கு மாற்றப்பட்டு, அங்கே நிதானமாகக் காற்றைச் சுவாசித்து முதிர்கிறது. ஆண்டுதோறும் சுமார் இரண்டு சதவீதம் ஆவியாகிப் போய்விடுகிறது. தேவதைகளின் பங்கு என்று அவ்வூரார் அதைச் சொல்லுவார்கள். அந்த ஆவியை உண்டு வாழும் ஒருவகைக் கரும்பூஞ்சை கிடங்குகளின் சுவர்களையும் கூரைகளையும் கரி பூசியதுபோல் ஆக்கிவிடுகிறது. கிடங்கு ஈரமானதாயிருந்தால் சாராயத்தின் வலிமை விரைவில் தணிந்து சுவை உருண்டு திரளும். உலர்ந்ததாயிருந்தால் நீர் அதிகம் ஆவியாகி, சரக்கு கூர்மையும் இறுக்கமும் பெறும்.

இவ்வாறு இருபது முப்பது ஆண்டுகள் சென்றபின், அக்ரூட் பருப்பு, காளான், உலர்ந்த பழம், பழைய தோல், சுருட்டுப் பெட்டியின் மரம் ஆகியவற்றை நினைவூட்டும் ஓர் ஆழ்ந்த வாசனை தோன்றுகிறது. ரான்சியோ என்று பெயர் பெற்ற அதுவே கோன்யாக் பக்குவமடைந்ததற்கு அடையாளம். ஆயினும் மரத்தோடு உறவு எல்லையின்றி நீடித்தால் துவர்ப்பு மிஞ்சி, சரக்கு வற்றிச் சோர்ந்துவிடும். அந்த நிலை வருமுன் அதைப் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் மாற்றி, பரதீ, அதாவது சொர்க்கம், என்று அழைக்கப்படும் அறையில் வைத்துவிடுகிறார்கள். கண்ணாடிக்குள் சென்றதும் முதுமை நின்றுவிடுகிறது. ஆகவே, உங்கள் பாட்டனார் வாங்கி வைத்த புட்டி ஐம்பது ஆண்டுகள் அலமாரியில் இருந்ததனால் ஐம்பது வயது கூடியதென்று எண்ண வேண்டாம்; புட்டியில் அடைத்த நாளில் அதற்கு என்ன வயதோ, அதுதான் இன்றும் அதன் வயது.

இனி தரக்குறிகளுக்கு வருவோம். வயதுக் கணக்கு அறுவடையை அடுத்த ஏப்ரல் முதல் தேதி பூஜ்யத்தில் தொடங்கி, ஆண்டுதோறும் அதே தேதியில் ஒன்றொன்றாக உயர்கிறது. ஓக் பீப்பாயில் கழிந்த காலம் மாத்திரமே கணக்கில் சேரும். விற்பனைக்கு வரும் கோன்யாக் பெரும்பாலும் பல ஆண்டுகளின், பல நிலங்களின் சரக்குகளைக் கலந்து அமைத்ததாகையால், கலவையில் மிக இளையது எதுவோ அதன் வயதே முழுமைக்கும் சட்டப்படி வயதாகக் கொள்ளப்படுகிறது. அந்த இளையதற்குக் குறைந்தது இரண்டு வயதானால் வி.எஸ். அல்லது மூன்று நட்சத்திரம், நான்கானால் வி.எஸ்.ஓ.பி.; ஆறானால் நெப்போலியன்; பத்தானால் எக்ஸ்.ஓ.; பதினான்கானால் எக்ஸ்.எக்ஸ்.ஓ. என்று பெயரிடலாம். எக்ஸ்.ஓ.வுக்கு முன்னர் ஆறு ஆண்டுகளே போதுமென்றிருந்தது. 2018 ஏப்ரல் முதல் அதைப் பத்தாக உயர்த்தினார்கள். ஆகவே அதற்கு முன் அடைக்கப்பட்ட எக்ஸ்.ஓ. புட்டியையும் பின்னர் அடைக்கப்பட்டதையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது. ஆனால் பெரிய நிறுவனங்கள் தங்கள் எக்ஸ்.ஓ. கலவையில் சட்டம் கேட்டதைவிட மிகப் பழைய சரக்குகளைச் சேர்ப்பது நெடுநாளைய சம்பிரதாயம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இப்பெயர்களின் பூர்வோத்தரமும் அறியத் தக்கது. 1817-இல், பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னராக முடிசூடிய இங்கிலாந்து இளவரசர் ஹென்னஸி நிறுவனத்தாரிடம், மிக உயர்ந்த, பழைய, வெளிர்நிறக் கோன்யாக் வேண்டுமென்று கேட்டதிலிருந்து வி.எஸ்.ஓ.பி. பிறந்தது என்பார்கள். நட்சத்திரக் குறிகளை 1865-இலும், எக்ஸ்.ஓ.வை 1870-இலும் அதே நிறுவனத்தார் ஏற்படுத்தினார்கள். ஆக, இந்தக் குறிகள் முதலில் வியாபாரிகளின் வாக்குறுதிகளாகத் தோன்றி, பிற்பாடு சட்டத்தின் ஆணைகளாயின. அந்த இளவரசர் வெளிர்நிறத்தைக் கேட்டு வாங்கினார் என்பதைக் கவனியுங்கள். இன்றைக்குக் கருகிய சர்க்கரையைச் சிறிது சேர்த்து நிறத்தைச் சமப்படுத்துவதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆதலால் கருத்த நிறத்தைக் கண்டு முதிர்ந்த வயதென்று மயங்குவது பேதைமை.

இவ்வளவும் கேட்டபின், தரக்குறி எதை உறுதி செய்கிறது என்பது விளங்கும்: இதற்குக் கீழே வயது இல்லை என்பதை அது உறுதி செய்கிறது. எந்த மண்ணில் பிறந்தது, எந்தக் கிடங்கில் வளர்ந்தது, யார் கலந்தார் என்பவற்றை அது சொல்லுவதில்லை. ஹென்னஸி நிறுவனத்தில் ஃபியூ குடும்பத்தார் எட்டுத் தலைமுறையாகக் கலவை ஆசாரியர்களாக இருந்து வருகிறார்கள். தாம் சுவைக்கும் பழைய சரக்கு தம் முன்னோர் வைத்துப்போனது என்பதும், தாம் இன்று பீப்பாயில் இடுவது தம் பேரப்பிள்ளைகளின் காலத்திலேயே கனியும் என்பதும் அறிந்து செய்யும் தொழில் அது. அந்தப் பொறுமையை எழுத்து அளக்காது. பொங்கலுக்குப் புத்தரிசியைத் தேடி வாங்கும் நாம் அன்றாடச் சோற்றுக்குப் பழைய அரிசியைத் தேடுகிறோம். எது உயர்ந்தது என்று கேட்டால் எதற்காக என்றுதான் திருப்பிக் கேட்போம். வி.எஸ். கோன்யாக்கைத் தாழ்ந்ததென்று தள்ளுவதும் அதுபோலவே பிழை, சோடாவோடும் பனிக்கட்டியோடும் கூடி உயிர்ப்போடு நிற்க அதுவே தகும், பழுத்த எக்ஸ்.ஓ.வை அப்படிச் செய்தால் அதன் சூட்சுமம் அனைத்தும் வீணாகும்.

இனிச் சுருட்டுக்கு வருவோம். அது நம் நாட்டாருக்கு அந்நியமானதன்று. திருச்சினாப்பள்ளிச் சுருட்டு 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எவ்வளவு பிரசித்தி பெற்றிருந்ததென்றால், 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில் துப்பறிவாளர் அதன் சாம்பலை அடையாளம் கண்டுகொள்கிறார். எனினும் கோன்யாக்கோடு இணைத்துப் பேசப்படுவது பெரும்பாலும் கியூபாவின் சுருட்டே. அதிலும் பினார் தெல் ரியோ மாகாணத்து வுவெல்டா அபாகோவில் விளையும் இலையே தலையாயது. புகையிலைச் செடியின் அடியிலுள்ள இலை நன்றாக எரியும். நடுவிலுள்ளது மணம் தரும். வெயிலை அதிகம் வாங்கிய நுனியிலை காரமும் வலிமையும் கொண்டது. இம்மூன்றையும் இன்ன விகிதத்தில் உள்ளே அடுக்கி, ஓர் இலையால் கட்டி, துணிப்பந்தலின் நிழலில் வளர்த்த மெல்லிய மேலிலையால் சுற்றுவதே சுருட்டுக் கலை. இலைக்கும் முதுமை உண்டு. குவித்து வைத்துப் புழுங்க விடும்போது அதன் நெடி வெளியேறுகிறது. பிறகு ஆண்டுக்கணக்கில் அடைகாத்து வைக்கிறார்கள். ரெசர்வா என்று முத்திரையிட்ட கியூபச் சுருட்டில் மூன்று ஆண்டும், கிரான் ரெசர்வாவில் ஐந்து ஆண்டும் குறைந்தது முதிர்ந்த இலையே இருக்கும். சுற்றி முடித்தபின்னும், தக்க ஈரப்பதத்தில் மரப்பெட்டிக்குள் வைத்தால், பல ஆண்டுகள் அது மென்மையடைந்துகொண்டே போகும். புட்டியில் முதுமை நின்றுவிடும் கோன்யாக்குக்கும், பெட்டியில் முதுமை தொடரும் சுருட்டுக்கும் இந்த ஒரு பெரும் வேற்றுமை உண்டு.

இரண்டையும் சேர்ப்பதில் முதல் விதி, ஒன்று மற்றொன்றை அடக்கிவிடக் கூடாது என்பது. ஓக்கின் துவர்ப்பும் வாயை உலர்த்தும்; புகையும் வாயை உலர்த்தும். இளம் கோன்யாக்கின் சுறுக்கென்ற சூடும், நுனியிலை மிகுந்த சுருட்டின் மிளகுக் காரமும் ஒருங்கே தாக்கினால் நா மரத்துப்போகுமேயன்றிச் சுவை தோன்றாது. ஆகையால் வி.எஸ்.ஓ.பி.யின் வனிலாவுக்கும் பழவாசனைக்கும், ஓயோ தெ மோன்தெர்ரேய் அல்லது எச். உப்மன் போன்ற மென்மையான சுருட்டு இசையும். போர்தெரி நிலத்துச் சரக்கின் உருட்சி மேலோங்க, 1912-இல் எதுவார் மார்ட்டெல் உருவாக்கிய கோர்தோன் புளூவுக்கு, ரோமியோ இ ஜூலியெத்தா போன்ற நடுத்தர வலிமையுள்ளது பொருந்தும். ரான்சியோ தலைகாட்டி, தேனும் உலர்ந்த அத்திப்பழமும் கமழும் திண்ணிய எக்ஸ்.ஓ.வோடு மோன்தெகிறிஸ்தோவோ பார்த்தகாஸோ சரிசமமாக நின்று உரையாடும். சுருட்டின் மரவாசனையும் மண்வாசனையும் கோன்யாக்கில் முன்பே இருப்பதால் ஒன்று மற்றொன்றை நினைவூட்டி வளர்க்கும்.

ஆனால் இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். வயது ஏற ஏறக் கோன்யாக் வலிமை ஏறுகிறது என்று எண்ணி, மிகப் பழையதற்கு மிகக் காரமான சுருட்டைத் தேடுகிறார்கள். உண்மையில், நாற்பது ஐம்பது ஆண்டுகள் முதிர்ந்த கிராந்த் ஷாம்பேன் சரக்கு வலிமை தணிந்து, உலர்ந்த மலரின் மணமும் நீண்டு நிலைக்கும் சுவையும் கொண்ட மெல்லியல்பினது. காரமான புதுச் சுருட்டின் முன்னே அது முற்றாக மறைந்துபோகும். அதற்கு வேண்டியது, தானும் பெட்டிக்குள் பல ஆண்டு கிடந்து நெடி நீங்கி அமைதியுற்ற சுருட்டு. எழுத்தைப் பார்த்து இணைப்பவர் பிழைபடும் இடத்தில், பக்குவத்தைப் பார்த்து இணைப்பவர் பிழைபடுவதில்லை.

செய்முறையும் எளியதே. வயிறு குறுகி வாய் சற்றே குவிந்த சிறு கிளாஸில் இரண்டு விரற்கடைக்கு மிகாமல் ஊற்றுங்கள். விளக்கில் வாட்டிச் சூடுபடுத்தினால் சாராயத்தின் நெடியே முந்தும். உள்ளங்கையின் வெம்மை போதும். சுருட்டைப் பற்றவைக்கும் முன் கோன்யாக்கை முகர்ந்து, ஒரு வாய் அருந்தி, அதன் தூய சுவையை நினைவில் பதியுங்கள். பிறகு பற்றவைத்து, சில நிமிஷம் புகை நிலைபெற்றபின் மீண்டும் அருந்திப் பாருங்கள். இடையிடையே தண்ணீர் குடியுங்கள். சுருட்டு எரிய எரியக் கடைசிப் பகுதியில் வெப்பமும் காரமும் கூடும். ஆகவே முதற்பகுதியிலேயே மெல்லிய சுவைகளைக் கவனித்துவிட வேண்டும். சுருட்டைக் கோன்யாக்கில் தோய்ப்பது இரண்டையும் கெடுக்கும் வழக்கம்.

புகை நாசியின் கூர்மையைக் குறைக்கிறது என்று கூறி, இந்த இணைப்பையே ஒப்பாதவர்கள் உண்டு. கலவை ஆசாரியர்கள் சுவை பார்க்கும் வேளையில் புகையை அருகே வரவிடுவதில்லை. அவர்கள் செய்வது சரியே. ஒரு கோன்யாக்கை மதிப்பிட விரும்புகிறவர் சுருட்டில்லாமலே மதிப்பிட வேண்டும். மதிப்பிட்டு முடித்தபின் ஓய்வாக அனுபவிக்கும்போது சுருட்டுக்கு இடம் உண்டு. புகையிலையும் மதுவும் உடலுக்குக் கேடு செய்பவை என்பதையும், புகையை உள்ளிழுக்காவிட்டாலும் சுருட்டு வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோய் தரக்கூடும் என்பதையும், இவ்விரண்டும் கூடினால் அந்த அபாயம் பெருகும் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. இவற்றைத் தொடாதவர் தொடாமலே இருப்பது நன்று; தொடுகிறவர் அரிதாகவும் அளவாகவும் தொடுவதே, இவ்வளவு காலமும் உழைப்பும் செலவிட்டு ஆக்கிய பொருளுக்குச் செய்யும் மரியாதையுமாகும்.

நண்பர்களே, அடுத்த முறை ஒரு புட்டியைக் கையிலெடுக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதில் மிக இளையதற்கு என்ன வயது? எந்த மண்ணில் பிறந்தது? எக்காரியத்துக்காக வாங்குகிறேன்? முதற்கேள்விக்கு எழுத்து பதில் சொல்லும். இரண்டாவதற்குச் சில சமயம் சீட்டின் கீழ்வரி பதில் சொல்லும். மூன்றாவதற்கு நீங்களே பதில் சொல்ல வேண்டும். அந்த மூன்றாவது பதில் தெளிவாயிருந்தால் விலை உங்களை மயக்காது, நிறம் உங்களை ஏமாற்றாது, சுருட்டைத் தேர்ந்தெடுப்பதிலும் தடுமாற்றம் இராது.